வலப்பக்கம் மிச்சம்

அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொல்லியிருக்கவே வேண்டாம், அசைய வழியும் இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிப் பலகைகளில் வைத்துத் துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள். வலது மேல்கையில் ரத்த அழுத்தப் பட்டை அவ்வப்போது தானாக இறுகித் தானாகத் தளர்ந்தது. இடது கை விரலில் ஒரு கவ்வி. கழுத்துக்குக் கீழே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்ததால் பூமிநாதனுக்குத் தன் உடம்பில் எதுவுமே தெரியவில்லை, கூரையும் அதில் ஏசிக் காற்று வரும் சதுரமும்தான் தெரிந்தன. திரைக்கு அப்பால் அவனுடைய நெஞ்சு டாக்டர் இமானுவேலிடம் இருந்தது. இருபது வருஷமாக ஒருவர் கண்ணிலும் படாமல் அவன் காத்து வந்த நெஞ்சு இப்போது பெரிய விளக்குக்குக் கீழே மலர்ந்து கிடந்தது, அதை அவனைத் தவிர அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழு மயக்கம் வேண்டாம், மரத்துப்போக மட்டும் மருந்து போதும் என்று கேட்டது அவன்தான். மயக்கத்தில் ஏதாவது உளறிவிட்டால்? உளற என்ன இருக்கிறது, இதைத்தான் உளறுவான், இதுதான் அவர்களுக்குத் தெரியுமே. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இப்போது விழித்துக்கொண்டு கிடக்கிறான், எல்லாம் கேட்கிறது. மெல்லிய ரீங்காரம் ஒன்று, கொசு காதோரம் வந்து போகாமல் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி. "ஆம்பளைங்க நெஞ்சுக் கொழுப்பு வயித்துக் கொழுப்பு மாதிரி இல்ல சார்," என்று முதல் நாளே டாக்டர் விளக்கியிருந்தார். "நாரோட பின்னிக்கிட்டுக் கெடக்கும். சும்மா உறிஞ்சினா வராது, ரத்தம்தான் வரும். அதனால முதல்ல உப்புத் தண்ணிய மருந்தோட உள்ள ஏத்துவோம். அப்புறம் இந்தக் கம்பி. இதோட நுனி காதுக்குக் கேக்காத வேகத்துல அதிரும். அந்த அதிர்வுல தண்ணிக்குள்ள பொடிப்பொடியா குமிழி உண்டாகி உடையும். கொழுப்பு நாரை விட்டுக் கழண்டு பால் மாதிரி ஆயிடும். அதைத்தான் உறிஞ்சி எடுப்போம்." காதுக்குக் கேட்காத சத்தம் என்றால் இப்போது கேட்கிறதே, இது என்ன? எந்திரத்தின் சத்தமா, கம்பியின் சத்தமா, அல்லது அவனுக்கு மட்டும் கேட்கிறதா? கேட்டுவிடலாம். கேட்டால் டாக்டர் பதில் சொல்லக் கையை நிறுத்துவார். நிறுத்தக் கூடாது. "கம்பி ஒரே எடத்துல நின்னா தோல் வெந்துரும், அதனால நிக்கவே விடமாட்டோம்" என்று அவரேதான் சொன்னார். டாக்டருக்குத் தும்மல் வந்தால்? பூமிநாதன் வாயை மூடிக்கொண்டான்.

இதே சத்தத்தைக் கொண்டுதான் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சில் இருப்பது வெறும் கொழுப்பா, சுரப்பியும் சேர்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும், ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார் டாக்டர். ஸ்கேன் சென்டரில் நாற்காலி முழுக்க மாசமான பெண்கள். முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் புருஷனோ அம்மாவோ. நடுவில் அவன் ஒருத்தன். இடமில்லாமல் எட்டு மாச வயிற்றுக்காரி ஒருத்தியின் பக்கத்தில்தான் உட்கார முடிந்தது. அவள் புருஷன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான் போலிருக்கிறது, பையை இவனிடம் கொடுத்து, "அண்ணே, கொஞ்சம் பிடிங்களேன்" என்று சொல்லிவிட்டு மெல்ல எழுந்து போனாள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மார்புக்கு முன்னால் கொஞ்சம் தூக்கினாற்போல் பிடித்தபடி, அவனும் ஏதோ ஒருத்திக்குத் துணையாக வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்த வேஷம் அவனுக்குப் பிடித்திருந்தது. பெயரைக் கூப்பிட்ட பெண்தான் கெடுத்தாள். "பூமிநாதன்! யாருங்க பூமிநாதன், மார்பு ஸ்கேனா?" எல்லா வயிறுகளும் அவன் பக்கம் திரும்பின. அதற்குச் சற்று முன்னால் வாசலில் ஒரு பச்சைச் சுடிதார் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனது. அவன் மனைவி ரேணுகாவின் சித்தி மகள் சங்கீதா மாதிரி இருந்தது. சங்கீதாவாக இருக்காது. சங்கீதா எதற்கு அங்கே வருகிறாள், அவள் இருப்பது உறையூரில். உறையூரிலிருந்து வர எவ்வளவு நேரமாகும், பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். அவள் பார்த்திருந்தால் ரேணுகாவிடம் சொல்லியிருப்பாள், ரேணுகா கேட்டிருப்பாள். ரேணுகா எதையும் கேட்பதில்லை. கேட்டிருக்க மாட்டாள். அதனால் சங்கீதாவாகவும் இருக்கலாம். பத்து நாளாக இந்தப் பச்சைச் சுடிதார் நினைப்பில் வந்து வந்து போகிறது. உள்ளே ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் குளிர்ந்த பசையைத் தடவி, நாலு பேர் எதிரில் பேசுவது போல சாதாரணமாகப் பேசினாள், "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல." பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் சொன்ன அந்தத் திரையில் சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக ஏதோ மிதந்தது. இந்த மேகத்துக்குத்தான் இவ்வளவு பாடா என்று இருந்தது அவனுக்கு.

உறிஞ்சும் சத்தம் ஆரம்பித்தது. இளநீரின் அடியில் ஸ்ட்ரா போய் நிற்கும்போது வருமே, அது. வலியில்லை, ஆனால் உள்ளே ஒன்று போய் வருவது தெரிந்தது, வேறு யாருடைய சட்டைக்குள்ளோ கை போவது போல. ஹாஸ்டல் குளியல் தொட்டியில் அப்படித்தான் கைகள் வரும். எட்டாம் வகுப்பு. பின்னாலிருந்து வந்து கிள்ளிவிட்டு ஓடுவார்கள், "பூமிகா, பூமிகா" என்று கத்துவார்கள், தொட்டியின் ஈரச் சுவரில் மோதி அந்தப் பெயர் பெரிதாகி வரும். பிறகு அவன் எல்லோரும் குளித்து முடித்த பின்னால் போனான், பிறகு பனியனோடு குளித்தான், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. விதைக் கம்பெனியில் சேர்ந்து லால்குடிப் பக்கம் வயல் வயலாக அலைந்தபோது, சித்திரை வெயிலில் விவசாயிகள் அத்தனை பேரும் வெற்று மேலோடு நிற்க, இவன் இரண்டு பனியன் போட்டு அதற்கு மேல் சட்டை போட்டு உப்புப் பூத்து நிற்பான். "ஏன் தம்பி, சட்டையக் கழட்டிட்டு மோட்டார்ல ஒரு முழுக்குப் போடுங்களேன்" என்பார்கள். சளி என்பான். எப்போதும் அவனுக்குச் சளி. கல்யாணமான மறு வாரம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனார்கள், சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குப் போக வேண்டும் என்பது வாசலில் நிற்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டான். புதுத் தாலியோடு ரேணுகா மட்டும் வரிசையில் போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வெளியே வந்தபோது அவள் மாமியார், அவனுடைய அம்மாதான், "ஜோடியா கும்புட வேண்டிய சாமிய ஒத்தையில கும்புட்டு வந்துருக்கா" என்று யாரிடமோ சொன்னாள், அவளுடைய குற்றம் போல. ரேணுகா அவனுடைய நெற்றியில் விபூதி பூசினாள். பூசும்போது துளி மார்பில் விழுந்தது, சட்டைமேல், தட்டிவிடக் கை கொண்டுவந்தாள், அவன் சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

நகர்ந்தான். நாலு வருஷமாக நகர்ந்துகொண்டேதான் இருக்கிறான். விளக்கை அணைத்தால்தான் பக்கத்தில் போவான், பனியனைக் கழற்ற மாட்டான், விடிவதற்குள் தள்ளிப் படுத்துவிடுவான். ஒரு தடவை தூக்கத்தில் அவள் கை பனியனுக்குள் வந்துவிட்டது. ஆசையாகக்கூட இல்லை, தலையணைக்கு அடியில் கை வைக்கிற மாதிரிதான். அவன் அந்தக் கையைப் பிடித்து வீசினான். வீசினான் என்றுதான் சொல்ல வேண்டும், கட்டில் சட்டத்தில் மோதி அவள் வளையல் உடைந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து இருட்டில் வளையல் துண்டுகளைத் தேடி எடுத்தாள். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்தபடியே ஒரு நாள் கேட்டாள். அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். "எம்மேல ஏதாச்சும் நாத்தம் வருதா? வந்தா சொல்லிருங்க. நானா தெரிஞ்சுக்க முடியாதுல்ல." இல்லை என்று சொன்னான். இல்லை என்று மட்டும்தான் சொன்னான். அடுத்த நாளிலிருந்து அவள் இரண்டு வேளை குளித்தாள், வெள்ளிக்கிழமை கஸ்தூரி மஞ்சள் பூசினாள், துணியைத் துவைத்துத் துவைத்து நிறம் போக வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை. எப்படி ஆரம்பிப்பது, எனக்கு என்று ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும்? அதைச் சொல்வதைவிட வெட்டி எடுத்துவிடுவது சுலபம். எடுத்துவிட்டால் சொல்லவே தேவையில்லை, ஒரு நாள் சாதாரணமாகப் பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நின்றால் போதும். அப்படித்தான் கணக்குப் போட்டான். சென்னையில் ஒரு வாரம் டிரெயினிங் என்று விடிகாலையில் பெட்டியோடு கிளம்பி, கருமண்டபத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ரயிலுக்குப் போகாமல் தில்லைநகருக்கு வந்து இந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுத்துக்கொண்டான். கிளம்பும்போது அவள் கட்டுச்சோறு கொடுத்தாள். "பாத்து இருங்க" என்றாள். அவள் எப்போதும் அப்படிச் சொல்வதில்லை. ஏன் இன்றைக்கு அப்படிச் சொன்னாள்?

சுட்டது. இடது அக்குளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மருந்து அங்கே எட்டவில்லையோ, கம்பி நின்றுவிட்டதோ. உறிஞ்சி முடித்துவிட்டு ஓரத்தைச் சமன் பண்ண மறுபடியும் அந்தக் கம்பியைத்தான் போட்டிருக்கிறார்கள், ரீங்காரம் திரும்பியிருந்தது. சொல்லலாமா? சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. அதைவிட முன்பு இருந்ததே மேல். பொறுத்துக்கொள்ளலாம், பொறுப்பதில் அவனுக்கு என்ன குறை? சூடு கொஞ்சம் தள்ளிப் போனது, திரும்பி வந்தது. கட்டிய கையில் விரல்கள் மட்டும் மடங்கி விரிந்தன. எங்கேயாவது எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது, ஓடினால் கம்பியும் கூடவே ஓடி வரும் என்றும் தோன்றியது. பொறுத்துப் பொறுத்துத்தானே இங்கே வந்து கிடக்கிறோம் என்று நினைத்தான். நினைத்தானா வாய்விட்டே சொன்னானா தெரியவில்லை, "சுடுது" என்று ஒரு குரல் கேட்டது, அது அவனுடையதுதான். ரீங்காரம் உடனே நின்றது. "எங்க, இங்கயா? சரி சரி, உடனே சொல்லணும் சார் இதெல்லாம்," என்றார் டாக்டர். ஈரத்துணியை ஒற்றினார்கள். சின்னதாக ஊசி ஒன்று ஏறியது, புள்ளி அணைந்தது. அவ்வளவுதான். இவ்வளவு லேசா சொல்வது? பூமிநாதனுக்குக் கண் ஓரம் நனைந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர், "இடப்பக்கம் முடிஞ்சது. நல்லா வந்துருக்கு. அடுத்து வலப்பக்கத்துக்குத் தண்ணி ஏத்தலாம்," என்று சொன்னார். அப்போதுதான் நர்ஸ் பர்வீன் கதவைப் பாதி திறந்துகொண்டு, "சார், இவர் போன் விடாம அடிக்குது. ரேணுன்னு வருது. முன்ன ஒரு தடவ அடிச்சு ஓஞ்சு மறுபடியும் மறுபடியும்..." என்று இழுத்தாள்.

டாக்டர் அவன் தலைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். முகமூடிக்கு மேல் களைத்த கண்கள். "வீட்லயா? பேசிடுங்க. இல்லேன்னா உங்களுக்கு பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கும், பாருங்க எப்படி ஓடுதுன்னு." பேச வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் பர்வீன் போனைக் காதோடு வைத்துவிட்டாள்.

"எங்க இருக்கீங்க?" ரேணுகாவின் குரல்தான். ஆனால் அவன் கேட்டறியாத குரல்.

"சென்னையில. டிரெயினிங்ல."

"கம்பெனிக்கு போன் போட்டேன். டிரெயினிங்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம். நீங்க லீவாம்." மூச்சு வாங்கினாள். "சங்கீதா உங்கள ஸ்கேன் சென்டர்ல பாத்துருக்கா. மாசமா இருக்கிறவங்க நடுவுல ஒரு பொம்பளை பைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்களாம். பத்து நாளா நீங்களா சொல்வீங்க, நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். பரவாயில்ல, சொல்லிருங்க. யாரு அவ?"

அறையில் எல்லோருக்கும் கேட்டது. பர்வீன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், கை மட்டும் போனோடு அப்படியே நின்றது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்கூடப் போதும் என்று ஒரு கணம் தோன்றியது அவனுக்கு. ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு வயிற்றில் பிள்ளை என்று சொல்லிவிடலாம். அது ஆம்பிளை செய்கிற தப்பு. அதைச் சொல்ல நாக்கு வரும். இதைச் சொல்லத்தான் வராது. இப்படி ஒரு நினைப்பு தனக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவனுக்கு உடம்பு கூசியது.

"யாரும் இல்ல ரேணு. ஸ்கேன் எனக்குத்தான்."

"உங்களுக்கா? உங்களுக்கு என்ன?" குரல் உடனே மாறிவிட்டது. "ஐயோ, என்ன செய்யுது? ஏதாச்சும் கட்டியா? என்னங்க, பேசுங்க."

"கட்டியெல்லாம் இல்ல. எனக்கு..." என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் நாலு வருஷம் நின்ற இடம். "எனக்கு நெஞ்சுல சதை. சின்னதுலேர்ந்தே. பொம்பளைங்களுக்கு இருக்கிற மாதிரி. அத எடுக்க வந்துருக்கேன். இப்ப டேபிள்ல படுத்திருக்கேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பர்வீன் திருப்பிப் பார்த்தாள், இல்லை. தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். ஹாஸ்டல் தொட்டியில் மோதிப் பெரிதாகி வரும் சிரிப்பு. அது வரவில்லை.

"இப்ப எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டாள்.

"இடப்பக்கம் முடிஞ்சிருச்சு. வலப்பக்கம் இனிமேதான்."

"அதத் தொட வேணாம்னு சொல்லுங்க."

"ரேணு..."

"நான் வர்றேன். வர்ற வரைக்கும் அதத் தொட வேணாம்னு சொல்லுங்க. எந்த ஊர்ல இருக்கீங்க?"

"இங்கதான். தில்லைநகர்ல."

"திருச்சிலயேவா?" என்றாள், அழுகை அந்தச் சொல்லில்தான் வந்தது.

டாக்டருக்கு எல்லாம் புரிந்திருந்தது, சங்கடமாகவும் இருந்தது. "தண்ணி மட்டும் ஏத்தி வச்சிடவா? எப்படியும் ஊறுறதுக்குக் கொஞ்ச நேரம் வேணும்," என்று கேட்டார். ஏற்றினால் வீங்கிவிடும். அவள் பார்ப்பது அதுவாக இருக்காது. "ஊசியும் வேண்டாம் டாக்டர். அவ வரட்டும்," என்று பூமிநாதன் சொன்னான். சொல்லிவிட்டு அவனே வியந்துகொண்டான். மேலே சுத்தமான துணியைப் போர்த்திவிட்டு டாக்டர் வெளியே போனார். தலைமாட்டில் ஒரு நர்ஸ் மட்டும் எந்திரத்தைப் பார்த்தபடி இருந்தாள். இடப்பக்கம் மரத்துப்போய், இல்லாதது போலக் கிடந்தது. வலப்பக்கம் துணிக்கடியில் சூடாக, கனமாக, மூச்சு விடும்போதெல்லாம் ஏறி இறங்கியது. வாழ்நாள் முழுக்கத் தொலைந்துபோகட்டும் என்று சபித்த ஒன்றை இப்போது, அவள் வரும்வரை ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமே என்று காவல் காத்துக்கொண்டு கிடந்தான். அவள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டால்? முகத்தை மூடிக்கொண்டால்? நல்லவள், முகத்தைக்கூட மூட மாட்டாள், சுவரைப் பார்ப்பாள். கையைக் கட்டி வைத்திருக்கிறார்களே, மறைத்துக்கொள்ளவும் முடியாது. இப்போதே கூப்பிட்டு, ஆரம்பித்துவிடுங்கள் டாக்டர் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. "செருப்ப எங்க விடணும்?"

பச்சை அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டித்தான் உள்ளே விட்டார்கள். அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன, சிவந்திருந்தன. அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். டாக்டர் துணியை எடுத்திருக்க வேண்டும், ஏசிக் காற்று வலப்பக்கத்தில் பட்டது. அவன் கூரையைப் பார்த்தான். காற்று வரும் சதுரத்தைப் பார்த்தான். அவள் பார்க்கிறாள், இன்னும் பார்க்கிறாள், ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறாள்.

"இதுக்குத்தானா?" என்றாள் ரேணுகா.

கோபமாகச் சொன்னாளா, இரக்கமாகச் சொன்னாளா, அவனால் பிரிக்க முடியவில்லை. எத்தனையோ வார்த்தைகளுக்குத் தயாராக இருந்தான், இதை மட்டும் எதிர்பார்க்கவில்லை. "இதுக்குத்தான் நான் தெனமும் ரெண்டு வேளை குளிச்சேனா?" என்று கேட்டாள் அவள், மெல்ல, பக்கத்தில் ஆட்கள் இருப்பதை மறந்து. பிறகு ஞாபகம் வந்தவளாக, "தொட்டுப் பாக்கலாமா டாக்டர்?" என்றாள். கை கழுவிக் கையுறை போட்டால் தொடலாம், அப்புறம் மறுபடியும் மருந்து தடவிக்கொள்கிறோம் என்றார் அவர். தண்ணீர் விழும் சத்தம், ரப்பர் இழுபடும் சத்தம். பிறகு ஒரு கை அவன் வலது மார்பின்மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை, விலக்கவில்லை, சும்மா இருந்தது. ரப்பருக்கு உள்ளேயிருந்து அவளுடைய சூடு மெல்ல வந்தது. பின்னால் நகர இடமில்லை. நகர வேண்டும் என்றும் தோன்றவில்லை. இருக்கட்டும், இந்தப் பக்கம் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். இடப்பக்கம் எடுத்தாயிற்று. அதைத் திருப்பி வைக்க முடியாது.

ரேணுகாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. "ஒரு பக்கம் எடுத்துட்டு ஒரு பக்கம் விட்டா நல்லாருக்காதுல்ல," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆரம்பிங்க டாக்டர்."

கையை எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டுக்கு வந்து நின்றாள். மருந்தைக் குளிரக் குளிரத் தடவினார்கள். ஊசி இறங்கியது, உப்புத் தண்ணீர் உள்ளே பரவத் தொடங்கியது. விளிம்பிலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, வலப்பக்கம் அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவள் கை இருந்த இடத்தில் மட்டும் அந்தச் சூடு இன்னும் இருந்தது. பூமிநாதன் அதை விடாமல் நினைத்துக்கொண்டே கிடந்தான். பிறகு அதுவும் மரத்துப்போயிற்று.